சீட்டு எழுதுமுன் கேட்டவர்

விசாலாட்சி டாக்டர் இறந்துபோன செய்தி, பள்ளிக்கூடத்தில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. மருந்துக்கடை பாய்தான் போன் செய்தார். "தங்கச்சி, நம்ம நரம்பு டாக்டரம்மா தவறிட்டாங்கம்மா" என்றார். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இனி என் கதையை முதலிலிருந்து இன்னொருவரிடம் சொல்ல வேண்டுமே என்கிற அலுப்பு. அவரிடம் வைத்தியம் பார்த்த திண்டுக்கல்காரர்களே, உங்களுக்கு இது புரியும். திட்டு வாங்காதவர் நம்மில் யார்?

எனக்கு முதல் வலிப்பு கல்லூரி நாட்களில், அத்தாவின் அண்ணன், பெரியத்தா மகள் கல்யாணப் பந்தியில் வந்தது. இரண்டாம் முறை வந்ததும் அம்மா என்னை அவரிடம் அழைத்துப்போனார். கையோடு ஒரு மாத்திரை அட்டையும் கொண்டுவந்திருந்தார். நத்தத்தில் என் மாமா மகனுக்கும் இதே நோய். அவனுக்கு அந்த மாத்திரையில் நின்றுபோயிருந்தது. எங்கள் சொந்தத்தில் காய்ச்சல் மாத்திரை முதல் கண் சொட்டு மருந்து வரை இப்படித்தான் வீடு வீடாகப் போய்வரும்.

"இதையே எழுதிக் குடுத்துருங்கம்மா, நல்லாக் கேக்குது" என்றார் அம்மா.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல மருந்துதான். ஆனா அவன் ஆம்பளைப் பய. அவன் வயித்துல புள்ள வளரப்போறதில்ல" என்றார்.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா, வேறு மாத்திரை, லேகியம் ஏதாவது சாப்பிடுகிறாயா, செத்துப்போகலாம் என்று மனசுக்குத் தோன்றியதுண்டா. எல்லாவற்றுக்கும் அம்மாவே "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். "வலிப்பு உங்களுக்கா வந்துச்சு? செத்த நேரம் வெளிய இருங்க" என்று டாக்டர் அம்மாவை அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான், எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருப்பதையும், மாப்பிள்ளை வீட்டுக்கு வலிப்பு விஷயம் தெரியாது என்பதையும் நான் சொன்னேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. இப்படி எத்தனை பேரைப் பார்த்தாரோ! மாமா மகனின் மாத்திரை கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கலாம், கர்ப்பம் என்று தெரியும் முன்பே கெடுதல் நடந்துவிடலாம் என்று விளக்கினார். எனக்கு வேறு மாத்திரை. ரத்தப் பரிசோதனை முடிந்து, கொஞ்சமாய்த் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டவேண்டும் என்றார். "தோல்ல ஒரு தடிப்பு தெரிஞ்சாலும் அன்னைக்கே ஓடி வா. நீயா நிறுத்திப்புடாத, வலிப்பு வட்டியும் முதலுமா வரும். எந்த மருந்தும் ஒண்ணு குடுக்கும், ஒண்ணு கேக்கும். என்ன கேக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முழுங்கு." நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: "ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். கட்டிக்கிறவனுக்குத் தெரியணும்."

நான் சொன்னேன். சம்பந்தம் முறிந்துபோனது.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய், காத்திருந்த நோயாளிகள் முன்னாலேயே சண்டை பிடித்தார். "உங்க பேச்சக் கேட்டு எம்புள்ள வாழ்க்கையே போச்சே! நீங்க நல்லா இருப்பீங்களா?"

டாக்டர் எதிர்த்துப் பேசவில்லை. "கல்யாணம் போச்சு, வாஸ்தவந்தான். புள்ள இருக்கால்ல? உக்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்றார். அம்மா உட்காரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் பல வருஷம் டாக்டருக்குப் பெயர் 'அந்தப் பாவி'. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஓய்ந்துபோவேன். பொய் சொல்லவேண்டாம், சில நாள் எனக்கும் அவர்மேல் ஆத்திரம் வந்தது.

பின்னால் என்னை மணந்தவர் எல்லாம் தெரிந்தே பெண் கேட்டு வந்தவர். நிக்காஹுக்கு முன்பே என்னோடு கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார். "இவ விழுந்தா என்ன செய்வீங்க?" என்று டாக்டர் கேட்டார். "கெட்டியாப் புடிச்சுக்குவேன் டாக்டர்" என்றார் இவர், சினிமா நாயகன் மாதிரி. "புடிக்கவே கூடாது. ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு, வாயில ஒண்ணும் திணிக்காம, பக்கத்துல இருங்க, போதும்" என்று டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் கர்ப்பமானபோது மாதாமாதம் வரவழைத்து, மாத்திரையின் அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. "பாப்போம்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

நேற்று துக்கத்துக்குக் கிளம்பியபோது அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மூட்டு வலியோடு ஆட்டோவில் ஏறி, "அந்தம்மா என்னையத் திருப்பி ஒரு வார்த்தை வையலையே" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். 

விசாலாட்சி டாக்டர் என்னைக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்துவேன் என்று சொன்னதுமில்லை. மாத்திரை இன்றும் தொடர்கிறது. அவரால் எனக்கு வாய்த்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறது. இதை எழுதவிடாமல் அடுப்படியில் நின்றுகொண்டு, "ம்மா, இன்னைக்கும் இதே கத்தரிக்காய் வெஞ்சனமா?" என்று கத்திக்கொண்டிருக்கிறது.