ஜானவாசக் காரின் ஆயில் முள்

அன்றைக்கு எங்கள் ஷெட் வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி, மந்தைவெளி மெக்கானிக், ஷெட்டை எனக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார மாமா. பிற்பாடு மயிலாப்பூரில் பாதிப் பேர் தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இல்லை. அவர்களெல்லாம் வழியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என்னிடம் சொந்தக் கார் இருந்தது என்றதும் பெரிய மனுஷன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குப் பல வருஷம் கார் ஓட்டினேன். அவர் புது வண்டி வாங்கியபோது பழையதை, சம்பள பாக்கிக்கு ஈடாக என்று சொல்லி, என் தலையில் கட்டிவிட்டார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். படகு மாதிரி நீளம். பெட்ரோலைக் குடிக்கும் விதத்தைப் பார்த்தால் எந்த டாக்சிக்காரனும் கும்பிடு போட்டு ஒதுங்குவான். அதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு பிழைப்புதான் இருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு சூட்டு மாட்டி, மாலை போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, காஸ் லைட் இரண்டு பக்கமும் வர, மாட வீதிகளைச் சுற்றி ஊர்வலம் விடுவார்களே, அந்த ஜானவாசம்.

அந்தப் பிழைப்பில் ஒரு சிக்கல் உண்டு. லாரி நடு ரோட்டில் நின்றால் அதற்குப் பெயர் ரிப்பேர். மாப்பிள்ளையோடு ஜானவாசக் கார் நின்றால் அதற்குப் பெயர் அபசகுனம். ஒரு தடவை நின்றுவிட்டால் போதும், மயிலாப்பூரில் அந்த வண்டியை அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டியை நம்பித்தான்.

ஆகவே நான் கவலைப்பட்டேன். கவலைப்படுவதில் எனக்குப் பயிற்சி தேவையில்லை. காலையில் எழுந்ததும் பானட்டைத் திறப்பேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். காப்பி குடித்துவிட்டு ஒரு தடவை. சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை. நின்ற இடத்தில் நிற்கிற வண்டியில் ஆயில் எங்கே போகும் என்று என் மனைவி கேட்பாள். போகாது என்று எனக்கும் தெரியும். போகவில்லை என்று பார்க்கத்தானே வேண்டும்?

அதற்கு முந்தின வாரம் தி. நகரில் ஓர் ஊர்வலத்தில் அது நடந்தது. மூன்றாவது தெரு திரும்பும்போது ஆயில் பிரஷர் காட்டும் முள் மெல்லச் சாய ஆரம்பித்து, கடைசிக் கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த முள் படுத்தால் இஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் எண்ணெய் இல்லாமல் உரசுகிறது என்று அர்த்தம். நான் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மிதித்தேன். முள் எழுந்தது. காலை எடுத்தேன், படுத்தது. மறுபடி மிதித்தேன். நாதஸ்வரக்காரர் நல்ல இடத்தில் மூச்சுப் பிடித்து நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து என் வண்டி உறுமியது. அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. எப்படியோ மண்டபம் வந்து சேர்ந்தோம்.

அடுத்த ஜானவாசம் வீட்டுக்கார மாமாவின் தங்கை பெண்ணுக்கு வரப்போகிற மாப்பிள்ளைக்கு. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அது அரிசியாகவும் பருப்பாகவும் ஆகிவிட்டது. ஊர்வலத்துக்கு முந்தின நாள் காலை மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் வண்டியை அடையாறு பாலம் வரைக்கும் விரட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். முள் கம்பம் மாதிரி நின்றது.

"இன்னா நைனா, வண்டி ஜம்முனு கீது. உனக்குத்தான் வைத்தியம் பண்ணணும்."

"வேகமாப் போனா நிக்கும். நடக்குற வேகத்துல போனாத்தான் விழுது."

"அப்ப நடந்து காட்டு."

என் மனைவி உடனே சொன்னாள். "நான் முன்னால நடக்கறேன். நாதஸ்வரக்காரங்க நடக்கற மாதிரியே நடப்பேன். நீங்க பின்னால ஓட்டிக்கிட்டு வாங்க."

பின் சீட்டில் பாரம் வேண்டும் என்றார் மெக்கானிக். ஜானவாசக் காரில் மாப்பிள்ளையைச் சுற்றித் தெருக் குழந்தைகள் எல்லாம் ஏறிக்கொள்ளும் அல்லவா? குழந்தைகளை ஏற்றினால் ஊர் கூடிவிடும் என்று, வீட்டுக்கார மாமாவையும் இரண்டு மூட்டை நெல்லையும் ஏற்றினோம். மாமா மயில்கண் வேஷ்டியும் மேல்துண்டுமாக, நெல் மூட்டைகளுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா, பிரஷர் இறங்கிண்டு வர்றதா? எனக்கு ஏறிண்டே போறது. டாக்டர் உப்பை நிறுத்துங்கோங்கறார். உன் வண்டிக்குக் கொஞ்சம் உப்புப் போட்டுப் பாரேன்."

கிளம்பினோம். முன்னால் என் மனைவி, கையில் காய்கறிப் பையோடு. ஒவ்வொரு முனையிலும் நின்று, "இங்க ஒரு ராகம்" என்பாள். நானும் இஞ்சினை ஓடவிட்டபடி நிற்பேன். பக்கத்தில் மெக்கானிக், முள்ளின் மேல் வைத்த கண் எடுக்காமல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தெற்கு மாட வீதியில் காப்பிப்பொடி கடையிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். "மாமா, சஷ்டியப்தபூர்த்தியா? சொல்லவேயில்லையே! மாமி எங்கே?"

"மாமி பஸ்ல வரா. நீ கடையைப் பாருடா."

"யாருக்கு சார் கல்யாணம்?" என்று சைக்கிளில் வந்தவன் ஒருவன் மெக்கானிக்கைக் கேட்டான்.

"ஆயிலுக்கு. ராத்திரி சாப்பாடு கீது, வந்துடு."

ஒரு பூக்காரம்மா இரண்டு முழத்தைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்துவிட்டுக் காசுக்கு நின்றாள். மாமா என்னைக் காட்டினார்.

குளத்தோரம் வந்ததும் முள் சாய்ந்தது. இந்த முறை எனக்குப் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. "பாத்தீங்களா! நான் சொன்னேனா இல்லியா!" என்று கத்தினேன். வண்டி கெட்டுப்போயிருக்கிறது என்று நிரூபித்துவிட்டுக் குதூகலித்த கார்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். முள் பொய் சொல்லுகிறதோ என்று மெக்கானிக் லாரியிலிருந்து கழற்றிய வேறொரு மீட்டரைக் குழாயில் மாட்டிப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. ஆயில் அளவு சரி. அது சரியாக இருக்கும் என்பதற்கு நானே ஜாமீன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பேரிங் பூட்ச்சி நைனா. இஞ்சின எறக்கணும். பத்து நாள்."

நாளைக்கு ஊர்வலம்.

"அந்த முள்ளு மேல மாலையைப் போட்டு மூடிடேன்" என்றார் மாமா. "யாருக்குத் தெரியப்போறது?"

"இஞ்சினுக்குத் தெரியும், மாமா" என்றேன்.

நான் விடவில்லை. பத்து நாளைக்கு இறக்குவதற்கு முன்னால் வேறு ஏதாவது சின்னதாக, வெளியிலிருந்தே கழற்றக்கூடியதாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கெஞ்சினேன். அவர் முனகிக்கொண்டே இஞ்சின் பக்கவாட்டில் ஒரு பெரிய நட்டைக் காட்டினார். அதற்குள்ளே ரிலீஃப் வால்வு. பிரஷர் எல்லை மீறினால் திறந்து, ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடுவது அதன் வேலை. மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்கவேண்டும்.

"அது ஒண்ணும் ஆவாது. உன் திருப்திக்கு அவுக்கறேன்."

ஸ்பிரிங் வந்தது. குண்டூசித் தலையைப் பெரிதாக்கினது போல வால்வு வந்தது. அது உட்காரவேண்டிய இடத்தில், சின்ன விரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது மூடவிடாமல் தடுக்க, ஆயில் அந்தச் சந்து வழியாகவே ஒழுகித் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. வேகமாகப் போனால் பம்ப் அதையும் மீறித் தள்ளிவிடும். மெதுவாகப் போனால் முடியாது. மெக்கானிக் அதைக் கம்பியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நால்வரும் குனிந்து பார்த்தோம்.

காய்ந்த அரக்கு. அதைச் சுற்றிச் சிவப்பு நூல்.

அரக்கு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. முந்தின தீபாவளிக்கு ஆயில் தொட்டியைக் கழற்றி மாட்டியபோது ஒழுகாமலிருக்க மெக்கானிக் தாராளமாகத் தடவியது. நூலைப் பார்த்ததும் என் மனைவி என் தோளைப் பார்த்தாள். சிவப்புக் கரைத் துண்டு.

"இதானே நைனா, நீ குச்சிய தொடச்சிக்கினே இருக்கற துண்டு? ஒரு நாளைக்கு ஒரு நூலுன்னா வருஷத்துக்கு ஒரு வேட்டி உள்ள போயிருக்கும்!"

"நூல் மிருதுவானது. அதுபாட்டுக்கு ஓடியிருக்கும். உங்க அரக்குதான் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

"அரக்கு சைஸுக்கு அது பூந்து பூட்டிருக்கும். உன் நூலு கயிறாட்டம் கட்டி வெச்சிகீது!"

"சண்டை அப்புறம்" என்றாள் என் மனைவி. "முதல்ல மாட்டுங்க."

மாட்டினார். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார். மறுபடியும் ஒரு சுற்று. மாமா இந்த முறை தானாகவே ஏறிக்கொண்டார். குளத்தோரத்தில் முள் அசையவில்லை. மெக்கானிக் நாற்பத்தைந்து ரூபாய் கேட்டார். பாதிதான் தருவேன், மீதி உங்கள் அரக்குக்கு என்றேன். மாமா அந்த அரக்குத் துணுக்கை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நூலையும் அரக்கையும் பிரிக்க முடியவில்லை, ஆகையால் பாதிப் பாதி என்றார். மெக்கானிக் என்னிடமிருந்து பாதியை வாங்கிக்கொண்டார். தீர்ப்பை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியபோது, காஸ் லைட்டுகளுக்கு நடுவில் சட்டை மாற்றிக்கொண்டு மெக்கானிக்கும் வந்து நின்றார். என் கதவோரமாகவே நடந்துவந்தார்.

"முள்ளு?"

"நிக்குது."

"பாக்கி?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அடுத்த முனையில் மறுபடி, "முள்ளு?" "நிக்குது." "அப்ப பாக்கி?" பின்னாலிருந்து மாப்பிள்ளை குனிந்து, "என்ன சார், ஏதாவது பிரச்சனையா?" என்று கவலையோடு கேட்டார். அவ்வளவு மாலைக்கு நடுவிலும் அந்தக் கவலை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. ஒன்றுமில்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்றேன். என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நம்பிச் சொன்னது அன்றைக்குத்தான்.

நான்கு வீதியும் சுற்றினோம். வண்டி நிற்கவில்லை. மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கும்போதே பெண் வீட்டுக்காரர் ஒருவர் ஆவணி மாதத்துக்கு வண்டி கிடைக்குமா என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார்: "கெடைக்கும் சார், கண்டிசன் கேரண்டி என்னுது." கேரண்டி முழுவதும் அவருடையதென்றால் அரக்கும் முழுவதும் அவருடையதுதானே என்று கேட்டேன். முறைத்துக்கொண்டு போய்விட்டார். ஆவணிக்கும் அந்த வண்டிதான் போனது. அதற்குப் பிறகும் போனது. இன்றைய தேதிவரை பாக்கி, இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.