டைகர் தின்ற கார்ன்ஃப்ளவர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தென்னூர்த் தெருவே கம்பும் கையுமாக என் வீட்டு வாசலில் நின்றது. எதற்கு? எங்கள் நாய் டைகரை அடித்துக் கொல்ல!

டைகரின் வாயெல்லாம் வெள்ளை நுரை. தலையை உதறிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிறது.

"வெறி பிடிச்சிருச்சு! கிட்ட போகாதீங்க!" என்று எதிர்வீட்டு சூசை கத்தினார். ரயில்வேக்காரர், என்ஜினுக்குப் போட்டியான குரல். போதாதா? பட் பட்டென்று கதவுகள் மூடின. கம்புகள் வெளியே வந்தன.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குட்டியிலிருந்து வளர்த்த நாய்... சூசை கம்பை ஓங்கியேவிட்டார்!

அப்போதுதான் என் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். கையில் காலி டின்.

"அண்ணே, அடிக்காதீங்க! அது நுரை இல்ல, மாவு! கார்ன்ஃப்ளவர்!"

நேரே போய் டைகரின் வாயை முந்தானையால் துடைத்துக் காட்டினாள். காய்ந்த இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. புட்டிங்கைக் கெட்டியாக்க வாங்கிவைத்த மக்காச்சோள மாவு! டின்னைத் தட்டிவிட்டு, கொட்டியதையெல்லாம் நக்கியிருக்கிறது.

சூசை கம்பை இறக்கினார். ஆனால், வாயை?

"சீமை மாவாச்சேம்மா... நாய்க்கு ஆகுமா? குடல்ல ஒட்டிக்கிட்டா?"

அவ்வளவுதான் — ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். ஜட்கா வண்டி பிடித்தோம். காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் கால்நடை டாக்டர் வீட்டுக்கு. சூசையும் தொற்றிக்கொண்டார். அவர் மடியில் யார்? டைகர்தான்!

டாக்டர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வெறும் மாவுதானே? வேற ஒண்ணும் கலக்கலையே?"

"இல்லைங்க டாக்டர்" என்றாள் ஸ்டெல்லா.

"அப்போ பயப்படாதீங்கோ. விஷமில்லை. கொஞ்சமா தின்னா ஒண்ணும் பண்ணாது. இவ்வளவு தின்னதுக்கு வயிறு உப்பும், பேதியாகலாம். தண்ணி வெச்சுண்டே இருங்கோ. அதுக்காக இதையே ஆகாரமாக்கிடாதீங்கோ, அதுல சத்து கிடையாது. வாந்தி நிக்கலேன்னா, சுருண்டு படுத்துடுத்துன்னா, உடனே அழைச்சுண்டு வாங்கோ."

சூசை டைகரைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்தார் பாருங்கள்!

டாக்டர் சொன்னபடியே நடந்தது. மறுநாள் காலை டைகர் கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடியது. சாயங்காலம் சோறு கேட்டுத் தட்டை உருட்டியது.

கண் எதையோ பார்க்கிறது, வாய் அதற்குப் பெயர் வைக்கிறது, கை கம்பைத் தேடுகிறது... என்ன வேகம்! நடுவில் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்தால் என்னவாம்?

டைகர் அமைதியாகிவிட்டது. தெருதான் 'வெறிநாய், வெறிநாய்' என்று இன்னும் குரைக்கிறது!