ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருந்தது?

விஞ்ஞானம் என்றால் உயிரை விடும் என் ஏழு வயது மகளுக்காக, புளியந்தீவுக் கடையொன்றில் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பளிங்குக் கட்டி வளர்க்கும் பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். பெட்டியில் சீன எழுத்தும் பெரிய விலை ஸ்டிக்கரும்தான் தெரிந்தன. உள்ளே இருக்கும் தூள் என்னவென்று முதலாளியிடம் கேட்டேன்.

"நம்மட படிகாரந்தான் தங்கச்சி, ஒண்டும் செய்யாது" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெட்டிக்குள் இருந்த இரண்டு சின்னத் தூள் பக்கெட்டுகளில் முதலாவதில் வெள்ளைப் பளிங்கு அழகாக வளர்ந்தது. மற்றதை எடுத்துவைத்தேன்.

வெள்ளம் வடிந்ததும் எங்கள் ஆரையம்பதியில் கிணறு கலங்கிவிடும். குடத்துத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத்தான் தெளியவைப்போம். இந்த முறை வெள்ளம் வடிந்த அன்று வீட்டில் படிகாரம் இல்லை. அந்த மனிசனின் பேச்சை நம்பி, மிஞ்சிய தூள் பக்கெட்டைப் பிரித்துக் குடத்தில் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, தண்ணி ஊதாவாப் போச்சு!"

மகள் கையில் கோப்பையோடு நின்றாள். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். ஊதாப் பளிங்கு வளர அந்தத் தூளில் சாயம் மட்டும் கலந்திராவிட்டால் குடித்திருப்பாள்.

பெட்டியோடு கடைக்குப் போய், ஓரம் கிளம்பி அடியில் எழுத்துத் தெரிந்த விலை ஸ்டிக்கரை அவர் முன்னாலேயே உரித்தேன். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது, வாயில் படக்கூடாது என்று கீழே ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது.

"நான் என்ன, குடிக்கவா தந்தன்?" என்றார். வெட்கம் கெட்ட மனிசன்!

இப்போது எந்தக் கடையிலும் காசு கொடுக்குமுன் நகத்தால் ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கிறேன். பெட்டி கிழியும் என்று கத்துகிறார்கள்.

"கிழியட்டும். பெட்டி உங்கட, பிள்ளை என்ட" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் உரிக்கிறேன்.