செயலரின் பைன் மரம்

என் அண்ணன் தேவாலயத்தில் எழுந்து நின்று சபதம் போட்டபோது, பைன் மரத்தைக் காலண்டர் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஆரணியில் எங்கள் சபைக் கமிட்டியின் செயலர். கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஞாயிறு அது. பீடத்துக்குப் பக்கத்தில், மண் நிரப்பிய பெயின்ட் டப்பாவில், வழக்கம்போல ஒரு சவுக்குக் கிளை நின்றது. தறி வீடுகளில் மிஞ்சிய ஜரிகைத் துணுக்குகளை அதில் சுற்றியிருந்தார்கள். பனிக்குப் பஞ்சு. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் கிறிஸ்துமஸ் மரம் அதுதான். அதனால் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை.

அண்ணன் மைக்கை வாங்கினார். "சாரம் கட்ற கட்டைய கொண்டாந்து ஆண்டவர் பக்கத்துல வெக்கிறோம். வெளியூர்க்காரன் பாத்தா சிரிப்பான். அடுத்த வருஷம் இங்க அசல் பைன் மரம் நிக்கும். போன்சாய். நானே வெத போட்டு வளக்கப் போறேன். இங்க திரும்ப சவுக்கு நின்னா, அன்னிக்கே செயலர் பதவிய விட்டுட்றேன்."

கைதட்டினார்கள். மைக்கில் யார் எதைச் சொன்னாலும் எங்கள் சபையில் கைதட்டுவார்கள்.

விதையிலிருந்து வரும் பைன் முதல் வருஷத்தில் ஒரு விரல் உயரம் வளர்ந்தாலே அதிகம். போன்சாய் என்று வெளியில் காட்டும்படி ஆக எத்தனையோ ஆண்டுகள் பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. ஓய்வு பெறும்வரை, பத்திரிகையில் பிறர் எழுதிய செய்தியைச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"அது ஜப்பான்காரனுக்குடா. அங்க ஏது வெயிலு? மெதுவாத்தான் வளரும்" என்றார்.

அறிவியல் பாடம் நடத்திய மனிதர்.

கூரியரில் விதை வந்தது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிதப்பதை எறிந்துவிட வேண்டும். உள்ளே பருப்பு இல்லாத பொக்கு அது. அண்ணன் மிதந்ததையும் சேர்த்தே எடுத்து வைத்தார். அவரை நம்பி வந்த எதையும் அவர் ஃபெயில் ஆக்குவதில்லையாம். பிறகு விதைகளை ஈர மணலில் புதைத்து ஒரு டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜில் வைத்தார். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நம்பினால்தான் பைன் விதை முளைக்கும். ஆரணியில் குளிர்காலத்துக்கு வேறு இடம் கிடையாது. இந்த ஒரு காரியத்தை மட்டும் அவர் சரியாகச் செய்தார். ஆனால் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் டப்பாவைத் திறந்து காட்டினார்.

"தோச மாவு வெளிய பொங்கிகினு கெடக்குது தம்பி" என்றார் அண்ணி என்னிடம். "உங்க அண்ணன் வெத உள்ள ஏசி போட்டுகினு தூங்குது."

வெயில் ஏறத் தொடங்கிய பிறகு விதைத்தார். தண்ணீர் நிற்காத பருமணல் வேண்டும் என்று யாரோ சொல்ல, கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு தோப்பு ஓரத்திலிருந்து மணலை மூட்டை கட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். அதை வறுக்கவும் இல்லை, சலிக்கவும் இல்லை.

சில விதைகள் முளைத்தன. ஒவ்வொரு முளையும் விதையின் ஓட்டைத் தொப்பிபோலத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது. தொப்பி விழுந்ததும் பச்சை ஊசிகள் குடைக் கம்பிபோல விரிந்தன. அழகாக இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். அண்ணன் அவற்றுக்குக் காலை, மதியம், மாலை என்று தண்ணீர் ஊற்றினார். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, நூலாக இளைத்து, எல்லாம் வரிசையாகச் சாய்ந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் கண் பட்டுவிட்டது என்று அண்ணன் அறிவித்தார். கண் திருஷ்டி மூடநம்பிக்கை என்று ஜெபக் கூட்டத்தில் பேசுகிறவரும் அவர்தான்.

ஆனால் தண்ணீர் ஊற்றுவதை அவர் நிறுத்தவில்லை. காலித் தொட்டியில் கொஞ்ச நாளில் ஒரு பச்சை எட்டிப்பார்த்தது. அது வளர்ந்தது. மழை பிடித்தபோது முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் அதன் நுனியைக் கிள்ளினார். அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைத்தார். தினமும் காலையில் அதைப் படம் எடுத்துச் சபையின் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே வரிசையாக ஸ்தோத்திரம், ஆமென், கூப்பிய கைகள்.

ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தேன்.

"ண்ணா, இது சவுக்கு."

"இன்னாடா சொல்ற?"

ஒரு ஊசியைப் பறித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்து இழுத்தேன். கணுவில் கழன்றது. திரும்பச் செருகினேன், பிரிந்த இடம் தெரியவில்லை. எங்கே பிரித்தேன் சொல்லு என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சவுக்கை வைத்து விளையாடியிருக்கிறோம், அண்ணனும்தான். பைன் ஊசியில் கணு கிடையாது. மணல் வந்தது சவுக்குத் தோப்பிலிருந்து. விதையும் அதோடு வந்திருக்கிறது.

அவர் ஊசியை வாங்கி, தானும் ஒருமுறை கழற்றிச் செருகினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"ஜப்பான்ல ஒரு ரகம் இப்டித்தான் இருக்கும்" என்றார்.

"இன்னா ரகம்?"

"உனக்கெல்லாம் பேட்டி குடுக்கணுமா? நீதான் ரிடையர் ஆயிட்டியே."

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சாரத்துக்கு ஆவுமா பாருங்க தம்பி!"

"பதவிய விட்டுட்றன்னு மைக்ல சொன்னியே" என்றேன்.

"ஒரு செடிக்காவா? நான் போயிட்டா சபைய யார் பாக்கறது? சும்மா பேஜார் பண்ணாத."

கிறிஸ்துமஸ் அன்று பீங்கான் தொட்டியில், சிவப்பு ரிப்பன் கட்டி, அது பீடத்துக்குப் பக்கத்தில் நின்றது. வாலிபர்கள் அந்த வருஷம் கிளை வெட்டிவரக் கூடாது என்று அண்ணன் தடை போட்டிருந்தார். போதகர் சென்னைக்காரர், புதியவர். பைன் மரத்தின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். பாதிப் பேர் நிலம் உள்ளவர்கள். சவுக்கு நட்டு, வெட்டி, லாரியில் ஏற்றியவர்கள். சேவூரிலிருந்து வந்த ஒருவரின் விரல்கள் பழக்கத்தில் நேராகக் கணுவுக்குப் போயின. அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "சூப்பரா வந்துகீது சார்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அடுத்த வாரம் கமிட்டித் தேர்தல். செயலராக அண்ணனே தொடரலாமா, ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்டார். அண்ணன் என்னை மட்டும் பார்த்தார். பார்த்திருக்கத் தேவையில்லை. அந்தக் கூடத்தில் அதைப் பைன் என்று நம்பியவர் போதகர் ஒருவரே. மற்றவர்கள் தெரிந்தேதான் சம்மதம் என்று கை தூக்கினார்கள். ஏமாந்தவர்கள் போட்ட ஓட்டு என்றாவது மாறும். தெரிந்து போட்டது மாறாது.

ஏகமனதாகத் தேர்வானதும் அண்ணன் நன்றி சொல்ல எழுந்தார். வருகிற வருஷம் வீட்டுக்கு ஒரு பைன் என்று அறிவித்தார். விதை கேட்டுப் பெயர் கொடுக்க அங்கேயே வரிசை நின்றது.