மினிட்ஸ் புத்தகத்தில் நான் எழுதியது

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் சேவைச் சங்கம் கூடும். போடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறை. தலைவர் மேஜை மணியை அடிப்பார். எழுந்து நின்று உறுதிமொழி வாசிப்போம். அந்த வாரம் யாருக்குப் பிறந்தநாளோ அவருக்குக் கைதட்டுவோம். பிறகு பரோட்டா. மூன்று வருஷம் நான் அங்கே செயலாளராக இருந்தேன். கடைசி வருஷம் தலைவராக வந்தவரை எனக்கு ஆரம்பம் முதலே ஆகாது.

அவர் ஏலக்காய் வியாபாரி, பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர். யாருக்கு எதைக் கொடுத்தாலும் கை ஒரு பக்கம் நீளும், கண் கேமராவைத் தேடும். ஒருமுறை போர்வை கொடுத்தபோது, போட்டோ சரியாக விழவில்லை என்று ஒரு கிழவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார். அன்றே நான் விலகியிருக்கலாம். விலகவில்லை. எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. சங்கத்தின் கண் முகாம்களை நான்தான் நடத்துவேன், அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

அந்த வருஷ முகாமுக்கு ஆள் சொல்ல, குரங்கணிக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போனேன். அங்கே ஒரு அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாகத் தெரிந்தது. செடியின் அடியில் குனிந்து விளைந்த காயாகப் பார்த்து எடுக்க வேண்டிய வேலை அவருக்கு.

"பிஞ்சையும் சேத்துப் பறிக்கிறேன்னு கங்காணி ஏசுறான் தம்பி. வேலையை விட்டு நிப்பாட்டப் போறானாம்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க ஆத்தா. ஆபரேசனுக்கு எழுதிக் கொடுத்துருவாங்க. நான் இருக்கேன்ல" என்றேன். சுகர் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றில் வரச் சொன்னேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் இரண்டு ஜீப்பு நிறையப் பெண்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். டாக்டரும் வந்துவிட்டார். ஆனால் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர் மதுரையிலிருந்து வந்து விளக்கேற்ற வேண்டுமாம். அதுவரை எதுவும் தொடங்கக் கூடாது என்றார் தலைவர்.

ஒன்பதரைக்குக் கேட்டேன். "ஆண்டிபட்டி தாண்டிட்டாராம் மாப்ளே."

பத்தரைக்குக் கேட்டேன். "தேனியில டிபன் சாப்பிடுறாராம்."

"இவங்க யாரும் பச்சைத் தண்ணி தவிர எதுவும் குடிக்கலை" என்றேன்.

"கொஞ்சம் பொறுத்தா செத்தா போயிருவாங்க?" என்று கேட்டுவிட்டு மேடைப் பேனரை நேராகக் கட்டச் சொல்லப் போனார்.

ஒரு பெண் தலை சுற்றுகிறது என்று தூணில் சாய்ந்துவிட்டாள். நான் டாக்டரிடம் போய், "ஆரம்பிங்க சார், வர்றதை நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவரும் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசிப் பேரைப் பார்த்தாயிற்று. அந்த அம்மாவின் பெயர் ஆபரேஷன் பட்டியலில் முதலாவதாக ஏறியது. பார்த்து முடித்தவர்கள் பொங்கல் தட்டோடு உட்கார்ந்தபோதுதான் பொறுப்பாளரின் கார் வந்தது.

தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்து, "தட்டைக் கீழ வைங்க. எல்லாரும் வெரசா நாற்காலியில வந்து உக்காருங்க. டாக்டர் டார்ச் அடிக்கிற மாதிரி ஒரு போட்டோ" என்றார். பட்டியலில் முதல் ஆள் என்பதால் அந்த அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"ஒருக்கப் பாத்தாச்சுல்ல. இன்னொருக்க எதுக்கு?" என்றார் அவர்.

"ஓசியில ஆபரேசன் பண்றோம். அஞ்சு நிமிசம் உக்கார மாட்டியா?"

அந்த அம்மா கையை உருவிக்கொண்டார். "அப்படின்னா எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுத் தடுமாறிப் படியிறங்கினார். கூடவே நாலைந்து பெண்கள் போனார்கள்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பொறுப்பாளருக்குப் போட வேண்டிய சால்வைத் தட்டோடு மேடை ஓரத்தில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை, வழக்கம்போலச் செயலாளர் நடவடிக்கைக் குறிப்பான மினிட்ஸை வாசிக்க வேண்டிய நேரம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருந்தேன். எத்தனை மணிக்குப் பெண்கள் வந்தார்கள், எத்தனை மணிக்குப் பொறுப்பாளர் வந்தார், தலைவர் எந்த வார்த்தை சொன்னார், யார் எழுந்து போனார்கள், செயலாளர் பேசாமல் நின்றார் என்பது வரை. நிதானமாக வாசித்தேன்.

"அதைக் கிழி" என்றார் தலைவர்.

"கிழிக்க மாட்டேன்."

"உனக்கு வயித்தெரிச்சல் மாப்ளே. பள்ளிக்கூடத்துலருந்தே உனக்கு என் மேல வயித்தெரிச்சல்."

"இருந்துட்டுப் போகட்டும். இதுல எது பொய்னு சொல்லு."

யாரும் பொய் என்று சொல்லவில்லை. மினிட்ஸை ஏற்க வேண்டாம் என்று மட்டும் கை தூக்கினார்கள். என் கடையில் கண்ணாடி போட்டவர்கள், என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள், எல்லோரும் தூக்கினார்கள். பக்கத்தில் இருந்த வாத்தியார் மட்டும் பாதி தூக்கி, தலைவர் பார்த்ததும் முழுக்கத் தூக்கினார். பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நான் படி இறங்கும்போதே மேலே பரோட்டா பரிமாறும் சத்தம் கேட்டது.

மறுவாரம் மலைக்குப் போனேன். அந்த அம்மா காய் உலர்த்தும் கட்டிடத்துக்கு வெளியே உட்கார்ந்து தூசி புடைத்துக்கொண்டிருந்தார். காய் எடுக்கிற வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். என் குரலைக் கேட்டதும் முறம் நின்றது.

"என்ன, இன்னும் போட்டோ பாக்கியிருக்கா?"

"நான் இப்ப அந்தச் சங்கத்துல இல்ல ஆத்தா. சண்டை போட்டு வந்துட்டேன்."

"அது உங்க சண்டை. எனக்கென்ன? நான் இருக்கேன்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போன. அவன் கையைப் புடிச்சு இழுத்தப்ப நீ எங்க இருந்த?"

என்னோடு ஜீப்பில் வரும்படியும், பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போவதாகவும் சொன்னேன்.

"நீ வர வேணாம். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எந்தக் கிழமை கண்ணு பாப்பாக, அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

சொல்லிவிட்டு இறங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி மாற்ற வந்த ஜீப்புக்காரர் சொன்னார். அந்த அம்மா மகளோடு பஸ்ஸில் போய் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டாராம். தோட்டத்தில் மறுபடி காய் எடுக்கிறாராம். கங்காணியை இப்போது அவர்தான் ஏசுகிறாராம். சொட்டு மருந்து முடிந்ததும் கண்ணாடி எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு அவர் என் கடைக்கு வரவில்லை. பஜாரில் வேறு கடையில் வாங்கிக்கொண்டாராம்.