ரிலீவர் வரும்வரை

எங்கள் மூன்று பேரின் நட்பு பெரும்பாலும் நின்றுகொண்டே வளர்ந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் ஒரு சாமல்பட்டிக்காரனும் ஒரே மெஷினை ஓட்டினோம். ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். ஆனால் எனக்கு அடுத்து வருகிறவன் எப்போதும் அவன்தான். நான் மெஷினை விடும்போது அவன் பிடிப்பான். அந்தக் கைமாற்றுகிற நேரத்தில்தான் எங்கள் குடும்பக் கதை, ஊர்க்கதை எல்லாம். "டூல் தேஞ்சிருக்குது, பையனுக்கு ஜுரம், கூலண்ட் கொஞ்சம் ஊத்திக்க, மாமனார் வந்துகீறாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். எதற்கு எண்ணெய் வேண்டும், எதற்கு மாத்திரை வேண்டும் என்பதை அவன்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாமவன் ராயக்கோட்டைக்காரன். தரம் பார்க்கிற அறையில் வேலை. லட்டைக் கையில் கொடுத்தாலும் எங்கே கோணல் என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான்.

எங்கள் கம்பெனியில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து சைரன் அடித்தாலும், அடுத்த ஆள் வந்து நின்று, "நான் பாத்துக்கறேன், போ" என்று வாயால் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். வருகிற அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். ரிலீவர் உள்ளே வந்தால்தான் நாம் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போகலாம். சிலர் இதைக் கண்டுகொள்வதில்லை. சைரன் அடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களை யாரும் தூக்கில் போட்டதில்லை. நான் ஒரு நாளும் அப்படிப் போனதில்லை.

என் ரிலீவரோ தாமதத்துக்கென்றே பிறந்தவன். கேட்டால் ரயில் லேட் என்பான். குடும்பத்தோடு ஓசூருக்கே குடிவந்த பிறகும் கொஞ்ச நாள் ரயில் லேட் என்று சொன்ன ஆள் அவன். பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பேன். திட்டுவதற்கு வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருப்பேன். அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றால் பாதி மறந்துபோகும். வீட்டில் சோறு ஆறியிருக்கும். "உங்கள நிறுத்தி வெச்ச எடத்துல பாசி புடிச்சாக்கூட நகர மாட்டீங்க" என்பாள் மனைவி. எனக்கு அது உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. பொறுப்பான ஆள் என்று பேர் வாங்கியவனுக்கு ஆறின சோறு பெரிய விஷயமா?

மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது வருஷக் கடைசியில் மட்டும்தான். மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்காகக் கம்பெனியை மூடுவார்கள். அப்படி ஒரு மூடலில்தான் மலையில் மூன்று நாள் நடப்பது என்று முடிவானது. ராயக்கோட்டைக்காரனின் அக்காவை அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காட்டுக்குள் நுழையாமல், ஊருக்கு ஊர் ஜனங்கள் நடக்கிற தடத்திலேயே நடப்பது, ராத்திரி அக்காவின் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்குவது என்று திட்டம் போட்டான். திட்டத்தோடு நிறுத்தியிருந்தால் அவன் ராயக்கோட்டைக்காரன் இல்லை. சட்டமும் போட்டான்.

மூன்று பேர் நடையும் மூன்று விதம். அவன் காற்றாகப் பறப்பான், நான் நடுவில், சாமல்பட்டிக்காரன் வழக்கம்போல் கடைசி. மேலே ஃபோனில் டவர் கிடையாது. அதனால் வழி இரண்டாகப் பிரியும் இடத்திலெல்லாம் முன்னால் போகிறவன் சரியான தடத்தில் ஒரு தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவான். அடுத்து வருகிற நான் அங்கேயே நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும்.

"இங்கியும் ரிலீவரா?" என்றான் சாமல்பட்டிக்காரன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் நாள் அமர்க்களமாகப் போனது. ராகி அறுத்துக் குவித்திருந்த வயல்களின் ஓரமாக நடந்தோம். மெஷின் சத்தம் இல்லாததே காதுக்கு ஒரு விருந்து. ஒவ்வொரு பிரிவிலும் நான் நின்றேன். ஒவ்வொரு முறையும் அவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, "நான் பாத்துக்கறேன், போ" என்று கம்பெனி பாஷையிலேயே சொன்னான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் ஒரு மேட்டில் வழி பிரிந்தது. அங்கே வீடு உயரத்துக்கு ஒரு பாறை. பாறைக்கு இடப்பக்கம் போகிற தடத்தில் தழை கிடந்தது. அதுதான் அன்றைக்கு நாங்கள் தங்க வேண்டிய ஊருக்குப் போவது. வலப்பக்கம் போவது காட்டுக்குள். நான் ஏறி வந்த தடம் கீழே ஒரு குட்டையின் கரையை ஒட்டி வளைந்து வருவது பாறை மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. பாறை நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த தக்காளி சாதத்தைத் தின்றேன். அவன் வரவில்லை. தூங்கி விழுந்து எழுந்தேன். அப்போதும் வரவில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வலப்பக்கத் தடத்திலிருந்து வேகமாக வந்தார். என்னைப் பார்த்ததும் கையை வீசிக்கொண்டே கன்னடத்தில், "ஆனெ பர்த்தாயிதெ, பா பா" என்றார். நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஆனை வருதுப்பா. குட்டியோட வருது. எந்திரி, ஊருக்குப் போயிறலாம்."

"பின்னாடி ஒருத்தர் வரணும்மா. அவர் வந்ததும் வந்துடறேன்."

"அவுரு வருவாரு. நீ வா மொதல்ல."

"இல்லம்மா, நான் நிக்கணும்."

ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று இன்னொரு தடவை கூப்பிட்டார். மாடுகள் அவருக்காக நிற்கவில்லை, அவரும் போய்விட்டார். கழுத்து மணிச் சத்தம் இடப்பக்கச் சரிவில் தேய்ந்து மறைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும்கூட எழுந்து ஓடியிருந்தால் அவரைப் பிடித்திருக்கலாம். என்னைக் கட்டியா போட்டிருந்தது? ஆனால் அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

யானைகள் சத்தமே போடாமல் வந்தன. முதலில் வலப்பக்கப் புதர் அசைந்தது. அடுத்து முதுகுகள் தெரிந்தன. பாறையின் சரிவான பக்கமாகக் கையும் காலும் சிராய்க்க மேலே ஏறிவிட்டேன். பெண் யானைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம் பாறைக்குக் கீழேயே கடந்து குட்டைக்கு இறங்கிப் போனது. தந்தம் வைத்த ஒன்று மட்டும் போகவில்லை. ஊருக்குப் போகிற தடத்தில் நின்று நிதானமாக மூங்கிலை ஒடிக்க ஆரம்பித்தது. முன்னால் அது, பின்னால் குட்டையில் கூட்டம், நடுவில் பாறை மேல் நான். மல்லாந்து படுத்தால் வெயில், குப்புறப் படுத்தால் கல் சூடு.

ஆனால் என் பயம் எனக்காக ஆரம்பித்து வெகு சீக்கிரம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சாமல்பட்டிக்காரன் வருகிற தடம் அந்தக் குட்டைக் கரையில்தான் வளைகிறது. வளைவைத் தாண்டினால் நேரே குட்டிகளின் நடுவில் வந்து நிற்பான். அவனோ நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கிறவன், காதில் வேறு பாட்டு மாட்டியிருப்பான். குட்டி வைத்திருக்கிற யானை கேள்வி கேட்டுவிட்டா அடிக்கும்? ஃபோனை உயர்த்தி உயர்த்திப் பார்த்தேன், டவர் இல்லை. கத்தினால் இந்தத் தந்தக்காரன் பாறைக்கு வருவான். கத்தாவிட்டால் சாமல்பட்டிக்காரன் செத்தான்.

அந்த வளைவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். இமை கொட்டினால்கூடக் குற்றம் என்று தோன்றியது. அவன் நீலத் தொப்பி அங்கே தெரிந்த உடனே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துவது, வருவது வரட்டும் என்று தீர்மானித்தேன். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இன்றைக்கு மட்டும் லேட்டாக வாடா, இன்னும் லேட்டாக வா என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் அவனிடம் அப்படிக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

வெயில் சாய்ந்தது. ஒரு காகம் பறந்து வந்தாலும் தொப்பியோ என்று எழப் பார்த்தேன். தாகம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் பாட்டில் கீழே நான் உட்கார்ந்திருந்த நிழலில் கிடந்தது. யானை அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் போட்டது.

திடீரென்று ஊர்ப்பக்கத்திலிருந்து தகர டின்னைத் தட்டுகிற சத்தமும் பட்டாசுச் சத்தமும் கேட்டன. தந்தக்காரன் காதை விரித்து நின்றது. பட்டாசு நெருங்க நெருங்க, அவசரமே இல்லாமல் திரும்பி வலப்பக்கக் காட்டுக்குள் போனது. சத்தத்துக்குக் குட்டையில் இருந்த கூட்டமும் அக்கரைக்கு ஏறிவிட்டது. ஊர்க்காரர்கள், "நில்லு, நில்லு, இன்னும் போவாத" என்று கத்துவதையும் கேட்காமல் ஒருவன் மட்டும் பாறையை நோக்கி விழுந்தடித்து ஓடி வந்தான். நீலத் தொப்பி. நான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தான். பாறையில் ஏறி என் முன்னால் நின்று, மூச்சு முட்ட, பழக்க தோஷத்தில், "நான் பாத்துக்கறேன், போ" என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். அடுத்த நொடி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவன்தான் இறக்கிக் கூட்டிப் போனான்.

நடந்தது இதுதான். காலில் கொப்புளம் கண்டு பின்தங்கியவனை, கீழே மாட்டுவண்டிப் பாதையில் ராகி மூட்டையோடு போன ஒரு மொபெட்காரர் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றுவழியாக ஊரில் விட்டிருக்கிறார். நான் மேட்டில் யானைக்கு நடுவில் அவன் உயிருக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது, அவன் களியும் கீரையும் தின்றுகொண்டிருந்தான். நான் அரை மணி நேரம் பார்த்துவிட்டு நானே ஊருக்கு வந்துவிடுவேன் என்று அவன் நினைத்தானாம். ராயக்கோட்டைக்காரன் பக்கத்து வயலில் அக்காவின் சொந்தக்காரர்களுக்கு ராகிக் கதிர் அடிக்கக் கை கொடுக்கப் போயிருந்தான். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், "அவனா வருவான்? ஆள் வராம அவன் நவுந்ததே கெடையாதுடா" என்று குதித்திருக்கிறான். மாடு மேய்க்கிற அம்மாளும் வந்து, மேலே ஒரு பைத்தியக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லவும்தான் டின்னும் பட்டாசும் கிளம்பியிருக்கின்றன.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டு வாசலில் சாமல்பட்டிக்காரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தம்மா கூப்ட்டப்பவே போயிருக்கலாம் இல்ல?"

"நீ வரலையே."

கால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டான்.

"ரயிலும் லேட்டில்ல, ஒண்ணும் லேட்டில்லடா. நான் எப்ப வந்தாலும் நீ நிப்பேன்னு தெரியும். அதான் நிதானமா டீ குடிச்சிட்டு வருவேன். இனிமே எனக்காக நிக்காத. சைரன் அடிச்சா போய்க்கினே இரு."

யானை தராத வலியை அது தந்தது. இத்தனை வருஷமாக என்னுடைய பொறுப்பு என்று நான் நினைத்திருந்தது அவனுக்கு ஒரு டீ நேரம். சரி என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் சட்டத்தையெல்லாம் ராயக்கோட்டைக்காரனே ரத்து செய்துவிட்டான். ஒற்றையடித் தடத்தில் மூன்று பேரும் சேர்ந்தே நடந்து ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டே இறங்கினோம்.

கம்பெனி திறந்த முதல் நாள் எனக்குக் காலை ஷிஃப்ட். மதியம் சைரன் அடித்தது. அவன் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பீஸை முடித்து, மெஷினை நிறுத்தி, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் கோடுவரை வந்தேன். பக்கத்து மெஷின்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர்கூட அங்கே இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் யானையும் இல்லை. ஒரு எட்டுதான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். டீ குடித்துக்கொண்டிருப்பான், வந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் வந்தான். சிரிப்பைக் காணோம். ஓடி வந்த வேர்வையும் இல்லை.

"சைரனுக்கு முந்தியே வந்துட்டேன். வண்டி ஸ்டாண்டுகிட்டதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றான். "நீ வெளிய வருவேன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ வரலையே."

என் கையிலிருந்த துணியை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"நான் பாத்துக்கறேன், போ."

அப்போதுதான் என் கால் கோட்டைத் தாண்டியது.