பொழியூர் கடற்கரையில் ஒரு புரோக்கர்

அரையாண்டு விடுமுறைக் கூட்டம் சேரும் முன் கேரளத்துப் பூவாரில் படகுச் சவாரியை முடித்துவிடலாம் என்று போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். நாகர்கோவிலில் காலை ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாறசாலை. ஸ்டேஷன் வாசலில் பாபு என்ற ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார்; பேரம் பேசி முந்நூறு. தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

பாதி வழியில் பாபு தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணே, பொழியூர் கடப்புறத்துல பத்து நிமிசம் நிறுத்தட்டா? எனக்க மவளுக்க பள்ளிக்கூட நாடகம் உண்டு. அவதான் பிள்ளை பிடிக்கிய புரோக்கராக்கும்.”

எந்தத் தகப்பனும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை. சரி என்றேன். பள்ளிக்கூட நாடகம் என்றாலே எனக்கு ஆகாது, படகு போச்சே என்று உள்ளுக்குள் புலம்பினேன் என்பதும் உண்மை.

மீன் ஏலம் முடிகிற நேரம் பார்த்துப் பிள்ளைகள் மணலில் இறங்கியிருந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கும் அபிஷா, பாபுவின் மகள், மையால் மீசை வரைந்துகொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“நல்ல வீடு, நேரத்துக்குச் சோறு, சாயங்காலம் டியூசன். மாசம் பிறந்தா உங்க கையில ரூவா. பிள்ளையை எனக்க கூட விட்டா போதும்.”

குரலில் அப்படி ஒரு தேன். நானே நம்பியிருப்பேன். வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பி ஏமாந்த வீடுகளுக்கு இந்த மாணவர்களே போய், எல்லையோர ஊரான பனச்சமூடு வரைக்கும் அலைந்து, அங்கே கேட்ட பேச்சை அப்படியே வசனமாக்கியிருக்கிறார்கள் என்றார் கூட வந்திருந்த சுஜா டீச்சர். “பூச்சாண்டி மாதிரி வந்தா ஆரு சார் பிள்ளையைக் குடுப்பா?”

கைதட்டல் அடங்குவதற்குள், காலிக் கூடையுடன் ஒரு மீன்கார அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெயர் புஷ்பம். பின்னால் நின்றவருக்கு மைக் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது; நிஜமான அறிவிப்பு என்றே நினைத்துவிட்டார்.

“பிள்ளேளுக்கு வேலை உண்டுன்னு இப்பம் சொன்னது ஆரு டீச்சர்? எங்க வீட்டைக் கடல் கொண்டு போச்சு. ஞாயிறாச்ச எனக்க மவளை ஒருத்தன் எர்ணாகுளத்துக்குக் கூட்டிட்டுப் போறான். அவன் டியூசன் ஒண்ணும் சொல்லல்ல. இது கொள்ளாம், நல்லாருக்கு.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதாம். ஞாயிறு என்றால் நாளை மறுநாள். அபிஷா துப்பட்டாவால் மீசையை அழித்துக்கொண்டே வந்து, இது நாடகம் என்று மெதுவாகச் சொல்லி, அவரை ஓரமாக அழைத்துப்போனாள்.

“அக்கா, நானும் கூட வாறேன், வீட்டைப் பாத்துட்டு மவளை விடுதேன்னு அந்த ஆளுகிட்ட சொல்லிப் பாத்தியளா?”

“இல்ல மக்கா.”

“இப்பம் போனில விளிச்சுச் சொல்லுங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தக் குரலும் இனிமைதான். கூட வருகிறேன் என்றதும் வண்டியில் இடமில்லை என்றது. “நான் பஸ்ஸில வாறேன், விலாசம் சொல்லுங்க” என்றார் புஷ்பம். இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

“ஒரு மாசமா தினமும் நேரம் வெளுத்தா விளிச்சவனாக்கும்” என்று புஷ்பம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் அந்த எண்ணை வாங்கி, அங்கிருந்தே போலீசுக்கும் குழந்தைகள் நல அதிகாரிகளுக்கும் தகவல் சொன்னார். நான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் இவ்வளவு நிதானத்தை எங்கும் பார்த்ததில்லை. அவள் எங்கள் ஊர்க்காரியாக இல்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பூவாரில் படகு ஏறும் முன்பே எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று பேசிவிடுங்கள். பொழியூர்க் கரையோரச் சாலையைக் கடல் அங்கங்கே அரித்திருக்கிறது; ஆட்டோதான் வசதி. வழியில் பிள்ளைகள் நாடகம் போட்டால் இறங்கி நின்று பாருங்கள். அவர்களைப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். நானும் போடவில்லை.

நாங்கள் கிளம்பும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகள் ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்றார் புஷ்பம்.

“திங்களாச்ச நானே வந்து அவளைக் கூட்டிட்டுப் போய் விடுதேன் அக்கா” என்றாள் அபிஷா.

புஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நானும் கூட வாறேன்.”

“வாங்க அக்கா” என்று அடுத்த நொடியே சொன்னாள் அபிஷா.